படகு போனால் யாருக்கு நஷ்டம்?

அன்புள்ள அண்ணனுக்கு,

2024-இல் இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் பக்கத்தில் மூழ்கிய பேசியன் என்ற சொகுசுப் படகைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கோடீஸ்வரர்களுக்காக எதற்கு இவ்வளவு வருத்தம்? படகு போனால் இன்ஷூரன்ஸ் வரும், கார் போனால் இன்னொன்று வாங்குவார்கள். இங்கே ஒரு வள்ளம் கவிழ்ந்தால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துவிடுகிறது. என் அக்கா மகன் மத்தியதரைக் கடலில் ஒரு யாட்டில், அதாவது சொகுசுப் படகில், பணியாளராக (ஸ்டூவர்ட்) இருக்கிறான். அவனே, ‘மாமா, இவங்களுக்கு இதெல்லாம் பொம்மை’ என்கிறான்.

ம., தூத்துக்குடி

அன்புள்ள ம.,

கார் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். 2022 பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கார் ஏற்றும் கப்பல், அட்லாண்டிக் கடலில் அசோரஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் தீப்பிடித்து, மார்ச் 1 அன்று மூழ்கியது. போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி என்று ஏறக்குறைய 4,000 வண்டிகள் அதோடு போயின. தயாரிப்பையே முடித்துவிட்டிருந்த ஒரு மாடலை லம்போர்கினி மறுபடி தொடங்கி, போன வண்டிகளுக்குப் பதில் செய்து கொடுத்தது. மாலுமிகள் 22 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். வாங்கியவருக்குச் சில மாதத் தாமதம், அவ்வளவுதான்.

படகு அப்படி இல்லை. கார் ஷெட்டில் நிற்கும்போது யாரும் அதற்குள் குடியிருப்பதில்லை. படகிலோ ஓனர் வராத நாளிலும் ஆட்கள் இருக்கிறார்கள், அங்கேயே தூங்குகிறார்கள். பேசியனில் அன்று இருந்த 22 பேரில் 10 பேர் ஊழியர்கள். இறந்த ஏழு பேரில் பிரிட்டிஷ் மென்பொருள் தொழிலதிபர் மைக் லிஞ்சும் அவர் மகளும் செய்தியானார்கள், படகின் சமையல்காரரும் அதில் ஒருவர். நான் எழுதியது முக்கியமாக அவரை நினைத்துத்தான். அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், 2025 மே மாதம் பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணை அமைப்பின் இடைக்கால அறிக்கை வந்தது. 72 மீட்டர் பாய்மரம் கொண்ட அந்தப் படகு, பாய்களைச் சுருட்டி படகுக்கு அடியில் நீருக்குள் இறக்கும் அடிப்பலகையை மேலே தூக்கி வைத்திருந்த நிலையில், பக்கவாட்டில் 63 நாட் (மணிக்குச் சுமார் 117 கி.மீ.) வேகத்துக்கு மேல் காற்று அடித்தால் கவிழக்கூடும் என்கிறது. அன்று அடித்த காற்று 70 நாட் வேகத்தைத் தாண்டியது, 15 விநாடிக்குள் படகு பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. இதெல்லாம் இயற்கை என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த 63 என்ற எண் படகில் இருந்த ஸ்திரத்தன்மைக் கையேட்டில் இல்லை. கேப்டனுக்கும் தெரிந்திருக்க வழியில்லை, ஓனருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்று அறிக்கையே சொல்கிறது. இத்தாலியில் விசாரணைக்கு உள்ளானவர்களோ கேப்டனும் இன்னும் இரண்டு ஊழியர்களும். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

மூழ்காமலே ஒரு படகு கைவிட்டுப் போகும், அதுதான் இன்னும் மோசம். ஆல்ஃபா நீரோ என்று 82 மீட்டர் யாட். பின்தளத்தில் ஒரு நீச்சல் குளம், அதன் அடித்தளத்தை மேலே உயர்த்தினால் ஹெலிகாப்டர் இறங்கலாம். 2022 தொடக்கத்தில் கரீபியன் கடலில் உள்ள ஆன்டிகுவா தீவின் ஃபால்மத் துறைமுகத்துக்கு வந்து நின்றது, பிறகு நகரவில்லை. ரஷ்ய உரத் தொழிலதிபர் ஆண்ட்ரே குரியேவுடையது என்று சொல்லி ஆகஸ்டில் அமெரிக்கா தடை விதித்தது, அவர் தரப்பு என்னுடையது இல்லை என்றது. சரி, அப்படியானால் டீசலுக்கு யார் பணம் தருவது? ஜெனரேட்டரை நிறுத்தினால் ஏசி நின்றுவிடும், அந்தத் தீவின் புழுக்கத்தில் உள்ளே மரம், மெத்தை, ஓவியம் எல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். ஊழியர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போக, மிச்சமிருந்த சிலர் எஞ்சினை ஓடவைத்துக்கொண்டே இருந்தார்கள். புயல் வந்தால் துறைமுகத்துக்கே ஆபத்து என்று ஆன்டிகுவா அரசு அதைக் கையகப்படுத்தியது. 2023 ஏலத்தில் கூகுளின் முன்னாள் தலைவர் எரிக் ஷ்மிட் 6.76 கோடி டாலருக்குக் கேட்டார். வழக்குகள் வரிசையாக வந்ததும் விலகிக்கொண்டார். கடைசியில் 2024-இல் 4 கோடி டாலருக்குப் போனது. ஒரு குட்டித் தீவின் அரசாங்கம் அதுவரை யாரோ ஒருவரின் படகுக்கு ஏசி போட்டுக்கொண்டிருந்தது!

உங்கள் மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். சரக்குக் கப்பலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, இரண்டு மாதச் சம்பளம் தராவிட்டாலே கைவிடப்பட்டதாகக் கணக்கு. நான்கு மாதம் வரையிலான சம்பளப் பாக்கியும் ஊர் திரும்பும் செலவும் காப்பீட்டிலிருந்து வர வேண்டும். வாடகைக்கு விடும் யாட்டுக்கும் இது பொருந்தும். ஓனர் தன் குடும்பத்தோடு மட்டும் போய்வரும் யாட்டுக்குப் பொருந்தாது. இரண்டிலும் தரையைத் துடைப்பவரும் தட்டை எடுப்பவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்! 

அதனால் அவரிடம் இன்றைக்கே கேளுங்கள். யாட் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறது, வணிகப் பதிவா தனியார் பதிவா, காண்ட்ராக்டில் முதலாளி என்று எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது. உடன்படிக்கைக்கு உட்பட்ட யாட்டாக இருந்தால், கைவிடப்பட்டால் பணம் தரும் காப்பீட்டின் சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும், அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் போன் கேமராவில் ஒரு படம் எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்கட்டும். இல்லையென்றால் சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் ‘பெரிய ஆள், எங்கே போய்விடுவார்’ என்று காத்திருக்காமல் உடனே ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

வள்ளங்களைப் பற்றி நீங்கள் சொன்னதையும் மறக்கவில்லை, எழுதுகிறேன்.