கேள்வி-பதில்: பேலன்ஸ் இருக்கிறது, பேச முடியவில்லை!

போனில் பேலன்ஸ் காட்டுகிறது சார். ஆனால் யாருக்கு அடித்தாலும் ‘வேலிடிட்டி முடிந்துவிட்டது’ என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. என் பணம் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. உள்ளேதான் இருக்கிறது, உங்களால் தொடத்தான் முடியாது. ஒன்பது வருடம் ஒரு செல்போன் நிறுவனத்தின் சேவை மையத்தில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு நாள்கூட வீட்டுக்குப் போனதில்லை. அந்தப் பெண் குரலுக்கும் சேர்த்துத் திட்டு வாங்கியவர்கள் நாங்கள்தான்!

ப்ரீபெய்ட் எண்ணுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று பணக் கணக்கு, இன்னொன்று நாள் கணக்கு. சில டாப்-அப்புகள் பணத்தை மட்டும் ஏற்றும், நாளைத் தொடாது. சில பேக்குகள் நாளைக் கொடுக்கும். பேலன்ஸில் ஒரு காசு ஏறாது. பெரிய தொகை போட்டால் நாளும் தானாக நீளும் என்று நினைப்பதுதான் பலரும் சறுக்கும் இடம். வாங்குவதற்கு முன் ‘எவ்வளவு டாக்டைம்?’ என்று மட்டும் கேட்காமல், ‘என்ன தேதி வரை?’ என்றும் கேளுங்கள்.

தேதி தாண்டியதும் எல்லாம் ஒரே நாளில் செத்துப்போவதில்லை. பெரும்பாலும் முதலில் அவுட்கோயிங் நிற்கும். கொஞ்ச நாள் கழித்து இன்கமிங்கும் நிற்கும். அதற்குப் பிறகும் ரீசார்ஜ் செய்யாவிட்டால் எண்ணையே எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு படிக்கும் எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், நாட்டுக்கு நாடு மாறும். தேதி தாண்டிய பிறகும் நிறுவனம் விட்டுவைக்கும் சலுகை நாளுக்குள் ரீசார்ஜ் செய்தால் முடங்கிய பேலன்ஸ் பல இடங்களில் திரும்பக் கிடைத்துவிடும், அதனால் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறைதான் ரீசார்ஜ் செய்கிறேன். ஆனாலும் தேதி முன்னால் முன்னால் வந்துகொண்டே இருக்கிறதே?

உங்கள் பேக்கில் 28 நாள் என்று போட்டிருக்கும், பாருங்கள். 28 நாள் என்பது நான்கு வாரம்; மாதம் அல்ல. பிப்ரவரிக்கு மட்டும்தான் அது பொருந்தும், அதுவும் லீப் வருடம் இல்லாதபோது. 12 தடவை போட்டால் 336 நாள்தான் ஓடியிருக்கும். வருடத்தில் மிச்சம் 29 நாள் தொங்கும். ஆக, நீங்கள் கட்டுவது 13 தடவை. ‘மூன்று மாத பேக்’ என்று வாய்வழியாகச் சொல்லப்படும் 84 நாளும் இதே கதைதான், மூன்று 28.

இரண்டு பேக்கில் எது மலிவு என்று தெரிய வேண்டுமா? விலையை நாளால் வகுத்துப் பாருங்கள். போனில் கால்குலேட்டர் இருக்கிறது, அதற்கு ரீசார்ஜும் தேவையில்லை. ஆனால் தினமும் இத்தனை ஜி.பி. என்று தரும் பேக்குகளில் அன்றன்றைக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அன்றோடு போய்விடும். வீட்டில் வைஃபை வைத்துக்கொண்டு வெளியே பேச மட்டும் செய்பவருக்கு நாள் அதிகமாகவும் டேட்டா குறைவாகவும் உள்ள பேக்தான் லாபம்.

இன்னொரு சின்ன விஷயம். சில நிறுவனங்கள் ரீசார்ஜ் செய்த நாளையே முதல் நாளாக எண்ணும். ராத்திரி 11 மணிக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஒரு நாள் காலி. சில நிறுவனங்கள் 24 மணி நேரமாகவே எண்ணும். ரீசார்ஜ் ஆனதும் வரும் எஸ்.எம்.எஸ்ஸில் முடிவுத் தேதி இருக்கும். நேரமும் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். அந்த எஸ்.எம்.எஸ்ஸை அழிக்காதீர்கள்.

பேக் முடியும் முன்பே ரீசார்ஜ் செய்தால் மிச்ச நாள் வீணாகுமா?

இந்தக் கேள்விக்கு எனக்குத் தழும்பே இருக்கிறது. வெளியூர் கிளம்பும் அவசரத்தில், இன்னும் ஒன்பது நாள் மிச்சமிருந்த அம்மாவின் எண்ணுக்கு வேறொரு பேக்கைப் போட்டேன். புதியது பழையதை அழித்துவிட்டு அன்றைக்கே தொடங்கிவிட்டது. ஒன்பது நாளும் போயிற்று. ஊருக்கெல்லாம் ஒன்பது வருடம் விளக்கம் சொன்னவன், ஒரு வரி படிக்கவில்லை. அம்மா எதுவும் சொல்லவில்லை. சிரித்தாள், அதுதான் தாங்கவில்லை.

நடப்பது மூன்று விதம். புது பேக் வரிசையில் காத்திருந்து, பழையது முடிந்ததும் தொடங்கும். அல்லது நாள்கள் ஒன்றாகக் கூட்டப்படும். அல்லது எனக்கு நடந்தது. அதே பேக்கைத் திரும்பப் போடும்போது பொதுவாக வம்பில்லை. வேறு பேக்குக்கு மாறும்போதுதான் கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

கூடுதல் டேட்டா பேக் வாங்கும்போதும் கவனம் தேவை. பலவற்றுக்குச் சொந்த ஆயுள் கிடையாது, முதன்மை பேக் முடியும்போது அதுவும் முடியும். நாளைக்கு முடியப்போகும் பேக்கின் மேல் இன்று டேட்டா ஏற்றுவது, வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளில் வெள்ளையடிப்பது மாதிரி.

அவசரத்துக்குக் கடன் பேலன்ஸ் தருகிறார்களே, வாங்கலாமா?

உண்மையான அவசரம் என்றால் வாங்கலாம். அடுத்த ரீசார்ஜில் கடனோடு கட்டணமும் சேர்த்துப் பிடிப்பார்கள். சின்னத் தொகைக்கு அந்தக் கட்டணம் கனமாகவே இருக்கும்.

அலமாரியில் கிடக்கும் பழைய சிம்மை அப்படியே விட்டுவிடலாமா? வங்கிக் கணக்கில் அந்த எண்தான் இருக்கிறது.

விடவே விடாதீர்கள். எடுத்துக்கொள்ளப்பட்ட எண் கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்குப் போகும். அப்புறம் உங்கள் ஓ.டி.பி. அவர் போனில் விழும். முதலில் வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் எண்ணை மாற்றுங்கள். அதுவரை இருப்பதிலேயே மலிவான வேலிடிட்டி பேக் ஒன்றைப் போட்டு, அவ்வப்போது அதிலிருந்து ஒரு போன் செய்யுங்கள். பயன்படுத்தாமல் கிடந்தாலே எண்ணை நிறுத்தும் நிறுவனங்களும் உண்டு.

வேலிடிட்டி முடிந்த போனிலிருந்து அவசர உதவி எண்ணுக்குப் போகுமா?

போகும். 112 என்ற எண், ஜி.எஸ்.எம். என்னும் செல்போன் தொழில்நுட்பத் தரத்திலேயே அவசர எண்ணாக எழுதப்பட்டது. அதற்குப் பேலன்ஸ் வேண்டாம், பூட்டிய போனிலிருந்தும் அழைக்கலாம். சிம்மே இல்லாத போனிலிருந்து அழைப்பை ஏற்பார்களா என்பது மட்டும் நாட்டுக்கு நாடு மாறும்.