மீன்குஞ்சுத் தீனியில் முருங்கையும் பூண்டும்: வாசகர் கேள்வி-பதில்

துவாந்தே (பர்மா) வாசகர்: ஐயா, நாற்றங்கால் குளத்தில் ரோகு குஞ்சு வளர்க்கிறேன். தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் தீனி. முருங்கை இலையும் பூண்டும் சேர்த்தால் சீக்கிரம் வளரும், நோய் அண்டாது என்கிறார்கள். எவ்வளவு சேர்க்கலாம், எப்படிச் சேர்ப்பது?

பதில்: குஞ்சு என்ன அளவில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்துத்தான் பதில் மாறும். குளத்தில் விட்ட முதல் இரண்டு வாரம் நுண்குஞ்சுக்கு இதெல்லாம் தேவையில்லை. அப்போது அதன் முக்கிய ஆகாரம் குளத்து நீரில் உண்டாகும் மிதவை உயிர்கள். நாம் தூவும் தூள் துணைக்குத்தான். ஒரு லட்சம் நுண்குஞ்சின் மொத்த எடையே 140 கிராம் அளவுதான். முதல் 5 நாளுக்கு அந்த எடையைப் போல 4 மடங்கு தூள், அதாவது நாளுக்கு 560 கிராம். அதன் பிறகு 8 மடங்கு. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சமபங்காக எடுத்து, மெல்லிய துணியில் சலித்துத் தூவினால் போதும்.

குஞ்சு விரல் நீளத்தைத் தொட்ட பிறகு கீழ்க்கண்ட கலவையைக் கொடுக்கலாம். 10 கிலோ தீனிக்கு: அரிசித் தவிடு 4 கிலோ, கடலைப் புண்ணாக்கு 3 கிலோ, எள்ளுப் புண்ணாக்கு 1 கிலோ, நன்றாக வறுத்து அரைத்த சோயா 1 கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் அரை கிலோ, முருங்கை இலைத் தூள் அரை கிலோ. புரதம் ஏறத்தாழ 28 சதம் வரும், விரலளவு ரோகுவுக்கு அது போதும். வீசையில் நிறுப்பவர்கள் இதே விகிதத்தை வைத்துக்கொள்ளலாம். ஒரு பர்மா வீசை 1.63 கிலோ.

எள்ளுப் புண்ணாக்கு எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. கடலைப் புண்ணாக்கில் மெத்தியோனின் என்ற புரதக் கூறு குறைவு, எள்ளில் அது தாராளம். இரண்டிலும் குறைவது லைசின் என்ற இன்னொரு கூறு, அதைச் சோயாவும் கருவாடும் ஈடுகட்டும். சோயாவைப் பச்சையாகப் போடவே கூடாது. அதிலுள்ள ஒரு பொருள் புரதம் செரிப்பதைத் தடுக்கும். வறுக்கவோ வேகவைக்கவோ செய்தால் அது பெரும்பாலும் போய்விடும்.

முருங்கையைப் பதப்படுத்தும் விதம்: காம்பு நார்தான், அதனால் இலையை மட்டும் உருவிக்கொள்ளுங்கள். கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசப்புக்குக் காரணமான சப்போனினில் ஒரு பகுதி அதோடு போய்விடும். பிறகு நிழலில் பரப்பிக் காயவிட வேண்டும். மழைக்காலத்தில் அடுப்படிக்கு மேலே முறத்தில் வைத்தும் காயவைக்கலாம். கையால் நொறுக்கினால் சடசடவென்று உடைய வேண்டும். துவண்டு வளைந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். ஈரத்தோடு அரைத்து டப்பாவில் அடைத்தால் சில நாளிலேயே பூசணம் பிடிக்கும். அரை கிலோ தூளுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ பச்சை இலை தேவைப்படும். ரோகுவுக்கு மொத்தத் தீனியில் 5 சதத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். 10 சதத்துக்கு மேல் போக வேண்டாம். இலைகளில் உள்ள டானினும் ஃபைட்டேட்டும் சேரச் சேரச் செரிமானம் கெடும், குஞ்சு தீனியைத் துப்பும்.

பூண்டு வேறு கணக்கு. 10 கிலோ தீனிக்கு 100 கிராம் பச்சைப் பூண்டு போதும். நசுக்கியதும் போடாமல் 10 நிமிடம் அப்படியே வையுங்கள். நசுங்கிய பிறகுதான் அதன் மருந்துச் சத்தான அல்லிசின் உருவாகும். அதே சத்து சூட்டில் அழிந்துவிடும். அதனால் கீழே சொல்லும் கஞ்சியில் பிசைந்த மாவு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது கலக்கக் கூடாது. மாவு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பின், பூண்டு விழுதைக் கொஞ்சம் கடலை எண்ணெயில் குழைத்துப் பிசைந்து, அன்றே போட்டு முடியுங்கள். 'கொஞ்சம் கூடப் போனால் என்ன' என்று அள்ளிப் போடுகிறவர்களைப் பார்க்கிறோம். நெடி பிடிக்காமல் மீன் தீனிப் பக்கம் வராது, மிச்சம் தரையில் அழுகும்.

இவற்றைப் பிடித்து வைக்க ஒரு பசை வேண்டும். 300 கிராம் மரவள்ளிக் கிழங்கு மாவை இரண்டு லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, அதில் தூள்களைக் கொட்டிப் பிசையுங்கள். ஒரு எலுமிச்சை அளவு உருண்டையைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். 15 நிமிடமாவது கரையாமல் நின்றால் பதம் சரி. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கலங்கினால் கஞ்சி பற்றவில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாததால்தான் பாதித் தீனி வீணாகிறது.

கொடுக்கும் அளவு குஞ்சின் மொத்த எடையில் 5 சதம். 10,000 குஞ்சு, தலைக்கு 5 கிராம் என்றால் மொத்தம் 50 கிலோ. நாளுக்கு இரண்டரை கிலோ. ரோகுவுக்கு இரைப்பை கிடையாது, ஒரே நேரத்தில் நிறையத் தின்று வைத்துக்கொள்ள முடியாது. அதனால் மூன்று வேளையாகப் பிரிப்பதே நல்லது. காலை வேளையை வெயில் ஏறிய பிறகு வையுங்கள். விடியும் நேரத்தில் நீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். தீனியைத் தட்டில் வைத்து நீருக்குள் இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் கால்பங்கு குறையுங்கள். தட்டின் அடியில் வெள்ளையாக வழவழப்புப் படிந்திருந்தால் பல நாளாக அதிகமாகப் போடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

மௌபின் வாசகர்: மழையில் கடலைப் புண்ணாக்கு பூசணம் பிடித்துவிட்டது. நன்றாக வெயிலில் காயவைத்து, மஞ்சள் தூள் கலந்து போடலாமா?

பதில்: கூடாது. பூசணத்தைத் தட்டி எடுக்கலாம், அது விட்டுப்போகும் அஃப்ளடாக்சின் நஞ்சை எடுக்க முடியாது. வெயிலோ, சமையல் சூடோ, மஞ்சளோ அதை ஒழிக்காது. குஞ்சு உடனே செத்து மிதக்காது, அதுதான் ஏமாற்று. வளர்ச்சி நின்று, கல்லீரல் கெட்டு, செவுள் வெளிறி, பிறகு சின்ன நோய்க்கும் தாங்காமல் போகும். அப்போது தண்ணீர்மேல் பழி போடுவோம். கண்ணுக்குப் பூசணம் தெரியாத புண்ணாக்கிலும் நஞ்சு இருக்கலாம். நஞ்சுக்கு வாசம் கிடையாது, ஆனாலும் கெட்டுப்போனதை ஒதுக்க உடைத்து முகர்ந்து பாருங்கள்: நல்லதில் வறுத்த கடலை வாசம் வரும், கெட்டதில் காறலோ மக்கல் வாடையோ அடிக்கும். மேல் பர்மாவிலிருந்து வரும் புண்ணாக்கு மழைக்கு முன் மலிவு என்று மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்காதீர்கள். ஒரு மாதத் தேவைக்கு வாங்கி, தரையிலிருந்து நாலு அங்குலம் உயரப் பலகை போட்டு, சுவரைத் தொடாமல் வையுங்கள்.

தட்டோன் வாசகர்: தேயிலை விதைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது. குஞ்சுத் தீனியில் சேர்க்கலாமா?

பதில்: அது மீனைக் கொல்லும் புண்ணாக்கு. அதிலுள்ள சப்போனின் செவுள் வழியாக உள்ளே போய் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குஞ்சு விடுமுன் குளத்திலுள்ள களை மீன்களை அழிக்கத்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். இறால் அதைத் தாங்குவதால் இறால் குளங்களிலும் போடுகிறார்கள். போட்டபின் இரண்டு வாரமாவது காத்திருந்து, வலைக்கூண்டில் பத்துக் குஞ்சு விட்டு ஒரு நாள் பார்த்த பிறகே மற்றதை விடுங்கள். இலுப்பைப் புண்ணாக்கும் இதே ரகம்தான்.

பெகு வாசகி: தொட்டியில் அசோலா (நீரில் மிதக்கும் சிறு பெரணி) நன்றாகப் பெருகுகிறது. பச்சையாகக் குஞ்சுக்குப் போடலாமா?

பதில்: புல் கெண்டை ஓரளவு வளர்ந்ததும் பச்சையாகவே மேயும். ரோகு குஞ்சின் வாய்க்கு அது ஒத்துவராது. காயவைத்துத் தூளாக்கித் தீனியில் 10 சதம்வரை கலக்கலாம். அசோலாவில் பெரும்பகுதி தண்ணீர், 10 கிலோ காய்ந்தால் அரை கிலோ அளவுதான் மிஞ்சும். கணக்குப் போடும்போது இதை மறந்துவிடுகிறார்கள். குஞ்சுக் குளத்திலேயே படரவிடாதீர்கள், வெளிச்சம் மறைந்து நீரில் பிராணவாயு குறையும்.

காயான் வாசகர்: பூண்டும் மஞ்சளும் விடாமல் கொடுத்தும் பனிக்காலத்தில் குஞ்சு உடம்பில் செம்புண் வருகிறது. மூலிகை பலிக்கவில்லையா?

பதில்: அவை தெம்பு தரும், வந்த நோயைத் தீர்க்காது. பனிக்காலத்தில் நீர் குளிரும்போது மீன் குறைவாகத் தின்னும், நோய் எதிர்ப்பும் குறையும். புண் நோய்ப் பூஞ்சைக்கு அதுவே வாய்ப்பு. தீனியைப் பாதியாகக் குறையுங்கள். மீன் பேன் ஒட்டியிருக்கிறதா என்று ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்துத் துடுப்படியில் பாருங்கள். பேன் கடித்த இடத்திலும் புண் வைக்கும். நீரின் பிஹெச் (புளிப்பு-காரத் தன்மையின் அளவு) 8.5-க்குக் கீழே இருந்தால் ஏக்கருக்கு 40 கிலோ சுண்ணாம்பைக் கரைத்து இரண்டு தவணையாகத் தெளிக்கலாம். அதற்கு மேல் இருந்தால் சுண்ணாம்பு வேண்டாம்.

மறுபடியும் துவாந்தே, இன்னொரு வாசகர்: கோழித் தீனிக் கடையில் ஃபைட்டேஸ் என்சைம் பொடி விற்கிறார்கள். தவிட்டில் கலந்தால் பயனுண்டா?

பதில்: தவிட்டிலுள்ள பாஸ்பரஸ் ஃபைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கிறது, அதைத் திறக்கத்தான் அந்தப் பொடி. ஆனால் அதற்குப் புளிப்பு வேண்டும். கோழிக்கு இரைப்பையில் அது உண்டு, ரோகுவுக்கு இரைப்பையே இல்லை. ஆகவே காசுக்கேற்ற பலன் கிடைப்பது அரிது. தவிட்டை நீங்களே புளிக்கவைத்துவிடுங்கள்: 10 கிலோ தவிடு, 5 லிட்டர் தண்ணீர், கரைத்த பனைவெல்லம் 200 கிராம், ரொட்டி ஈஸ்ட் 50 கிராம். பிசைந்து பிளாஸ்டிக் பீப்பாயில் அழுத்தி மூடி, 24 முதல் 36 மணி நேரம் நிழலில் வையுங்கள். திறந்தால் இட்லி மாவு வாசம் வர வேண்டும். அழுகல் நாற்றம் வந்தாலோ மேலே கறுப்புப் படர்ந்தாலோ குளத்தில் போடாமல் வாழைக்கு உரமாக்குங்கள். புளித்த தவிடு இரண்டு நாளைக்கு மேல் நிற்காது. வேண்டிய அளவுக்கே போட்டுக்கொள்ளுங்கள்.