பால் வேண்டுமா, வேண்டாமா? – கடிதம்

ஐயா, வணக்கம்.

எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். ‘களங்கமில்லாத ஞானப்பாலின்மேல் வாஞ்சையாயிருங்கள்’ என்கிறார் இயேசுவின் சீடர் பேதுரு. அப்போஸ்தலர் பவுலோ கொரிந்து நகரத்துச் சபையாரிடம், ‘உங்களுக்குப் போஜனங்கொடாமல், பாலைக் குடிக்கக்கொடுத்தேன்’ என்று கடிந்துகொள்கிறார். “அப்போ பால் வேணுமா, வேண்டாமா டீச்சர்?” என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டுவிட்டான். என்ன சொல்லட்டும்?

வாசகி, பாளையங்கோட்டை

*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பையனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நல்ல கேள்வி.

பவுலின் வாக்கியத்தில் பாலைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். ‘நான் கொடுத்தேன்’ என்கிறார். பச்சைப்பிள்ளைக்குப் பால் என்றால் அன்று தாய்ப்பால்தான். ஓர் ஆண் தன்னைத் தாயாக வைத்துப் பேசுகிற இடம் அது. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதும் தன்னைப் பால்கொடுக்கிற தாய்க்கு ஒப்பிடுகிறார். பால் என்று அவர் சொல்கிற ஆரம்பப் போதனையை அவர் குறை சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் கொரிந்துவில் தங்கிப் போதித்துவிட்டு வந்தவர், பிள்ளை இன்னும் பால் மறக்கவில்லையே என்று தவிக்கிறார்.

பால் மறப்பது வேதத்தில் கொண்டாட்டம். ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து வைத்தார். அன்னாள் சாமுவேலைப் பால் மறக்கும்வரை வீட்டில் வைத்திருந்துதான் கர்த்தருடைய ஆலயம் இருந்த சீலோவுக்குக் கொண்டுபோய்விட்டாள். கத்தோலிக்கர் வாசிக்கும் மக்கபேயர் இரண்டாம் நூலில் ஏழு பிள்ளைகளின் தாய், மூன்று வருஷம் பாலூட்டியதைக் கடைசி மகனுக்கு நினைவூட்டுகிறாள். (ஞானப்பால் என்றதும் நமக்கு நினைவில் வருகிற சீர்காழிச் சம்பந்தருக்கும் வயது மூன்றுதான்.)

இனி பேதுரு. ‘களங்கமில்லாத’ என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ‘அடொலொன்’. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில் கலப்படமில்லாத தானியத்தைக் குறிக்க இந்தச் சொல் வருகிறது. முந்தைய வசனத்தில் ஒழித்துவிடச் சொல்கிற ‘கபடம்’ கிரேக்கத்தில் ‘டொலொஸ்’. கபடத்தை விடு, கபடமில்லாத பாலைக் குடி என்று ஒரே வேர்ச்சொல்லை வைத்துச் சொல்கிறார். தமிழில் ‘களங்கம்’ என்று வந்ததால் இந்தத் தொடர்பு நம் காதில் விழாமலே போய்விட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

கபடத்தோடு பேதுரு ஒழிக்கச் சொல்கிற இன்னொன்று, பொறாமை. கொரிந்தியருக்குப் பெலனில்லை என்பதற்குப் பவுல் காட்டுகிற அடையாளமும் பொறாமைதான்: ‘நான் பவுலைச் சேர்ந்தவன்’, ‘நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்’ என்று, தங்களுக்குப் போதித்தவர்களின் பேரைச் சொல்லிச் சண்டை. ஒருவர் புதிதாய்ப் பிறந்த பிள்ளையிடம் குடி என்கிறார்; மற்றவர் வளர்ந்திருக்க வேண்டிய பிள்ளையிடம் இன்னுமா என்கிறார். இருவரும் பயப்படுவது ஒரே நோய்க்கு.

பையனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானத் தண்ணீரிலிருந்து ஏறி வந்தவர்களுக்குப் பாலும் தேனும் கலந்து குடிக்கக் கொடுத்தார்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்து ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதிவைத்திருக்கிறார். பாலும் தேனும் ஓடும் தேசம் என்று வாக்களிக்கப்பட்ட கானானுக்குள் கால் வைத்தாயிற்று என்று பொருள். தாடி வைத்த ஆண்களும் பேரன் பேத்தி எடுத்தவர்களும் அன்று பிறந்த பிள்ளைகளாக நின்று அதைக் குடித்தார்கள்.