துவக்குக்கு ஒரு கடுதாசி, சத்தத்துக்கு ஒரு கடுதாசி

கச்சேரியில் துவக்கு லைசன்ஸ் மேசையில் 11 வருடம் இருந்தவன் என்று இந்தப் பக்கத்தில் ஒருமுறை எழுதிவிட்டேன். அதன் பலன், இந்த மாதம் வந்த கடிதங்களில் நாலு துவக்குக் கடிதங்கள். காணி உறுதி, ஓய்வூதியம் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மூத்த மகள் கலியாணம் முடித்து டெக்சாஸில் இருக்கிறாள். மருமகன் லீவு நாட்களில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர். இப்போது துவக்குக்கு சைலன்சர் வாங்கப் போகிறாராம். அதையும் தன் பெயரில் வாங்காமல் ஏதோ டிரஸ்ட் எழுதி, மகளையும் அதில் பொறுப்பாளராகப் போடப் போகிறாராம். அவளுடைய விரல் அடையாளம், போட்டோ எல்லாம் கேட்கிறாராம். பிள்ளை பயந்துபோய் வட்சப்பில் அழுகிறாள். சைலன்சர் என்றால் ஆளைக் கொல்லத்தானே? கையெழுத்து வைக்கலாமா?
— ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அம்மா, முதலில் மருமகனைக் கொலைகாரனாக்காதீர்கள். அமெரிக்காவில் 50 மாநிலங்களில் 42இல் சாதாரண ஆள் சட்டப்படி சைலன்சர் வைத்திருக்கலாம். டெக்சாஸ் அதில் ஒன்று. கலிபோர்னியா, நியூயோர்க், நியூஜேர்சி, இலினோய் போன்ற எட்டு மாநிலங்களில்தான் கூடாது. ஆகவே நாளைக்கு மருமகன் வேலை மாறி அந்த எட்டில் ஒன்றுக்குக் குடிபோவதாக இருந்தால், அந்தச் சாமான் கூடப் போகமுடியாது. இதை மகள் இப்போதே கேட்டு வைக்கட்டும்.

அங்கே இதற்கு 1934ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இயந்திரத் துப்பாக்கியையும் சைலன்சரையும் ஒரே பட்டியலில் போட்டு, ஒவ்வொன்றையும் மத்திய அரசிடம் பதிய வேண்டும், கைமாறும்போது 200 டொலர் வரி கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 1934இல் 200 டொலர் என்பது பெரிய காசு. ஆளை வாங்கவிடாமல் செய்யத்தான் அந்தத் தொகை. பிறகு தொண்ணூறு வருடமாக அதை ஒரு சதம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. 2025இல் வந்த சட்டத்தால் 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கு அந்த வரி பூச்சியமாகிவிட்டது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காசு போனதும் கடுதாசியும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். பதிவு அப்படியே இருக்கிறது. விண்ணப்பம், விரல் அடையாளம், போட்டோ, பின்னணிச் சோதனை, அனுமதி வரும்வரை கடையிலேயே சாமான் காத்திருப்பது, ஒன்றும் மாறவில்லை. பதியாமல் வைத்திருந்தால் 10 வருடம் வரை சிறை. டெக்சாஸ் 2021இல் தன் மாநிலச் சட்டத்திலிருந்து சைலன்சர் தடையை எடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ‘டெக்சாஸில் செய்தது என்றால் ஒன்றும் பதியத் தேவையில்லை’ என்று யாராவது மருமகனுக்குச் சொல்லியிருந்தால், நம்பவேண்டாம். மத்திய சட்டம் மாநில எல்லையைப் பார்த்து நிற்பதில்லை.

சரி, டிரஸ்ட் விஷயம். இதைச் சொல்வதற்கு என் மேசைக்கு வந்த ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். படுவான்கரைப் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே வட்டையில் வயல். ஷொட்கன் லைசன்ஸ் அண்ணன் பெயரில். அண்ணன் கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போன கிழமை, வாடியில் படுத்திருந்த தம்பி பன்றிக்கு ஒரு வெடி வைத்தார். சத்தம் கேட்டுப் பொலிஸ் வந்தது. தம்பி நீதிமன்றத்துக்கு, அண்ணனின் லைசன்ஸ் விசாரணைக்கு. தம்பி என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “ஒரே வயித்தில பிறந்த நாங்க ஐயா. ஒரு துவக்குக்கு ரெண்டு பேர் இருக்கக்கூடாதா?”

நம் நாட்டில் கூடாது. லைசன்ஸ் ஆளுக்கு, வீட்டுக்கு அல்ல. அமெரிக்காவில் சைலன்சரைத் தன் பெயரில் மட்டும் பதிந்தாலும் இதே கதைதான். மருமகன் பக்கத்தில் நிற்கும்போது மகள் அதைப் பூட்டிச் சுடலாம். ஆனால் அவர் வெளியூர் போயிருக்கும்போது பெட்டகத்துக்குள் சைலன்சர் இருந்து, பெட்டக இலக்கம் மகளுக்குத் தெரிந்தால், பதியாத ஆள் வைத்திருந்ததாகப் பார்க்க இடமுண்டு. தொட்டுக்கூடப் பார்க்காத பிள்ளை மாட்டிக்கொள்ளும். அந்தத் தம்பியின் கேள்விக்கு அமெரிக்கர்கள் கண்டுபிடித்த பதில்தான் டிரஸ்ட்.

களுவாஞ்சிகுடி ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். கோயில் நகைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். நகை கோயிலுடையது. திறப்பு வண்ணக்கர்மாரிடம். யார் வண்ணக்கராக இருக்கிறாரோ அவர் பெட்டியைத் திறக்கலாம், சாத்தலாம், வீதியுலாவுக்கு எடுத்துக் கொடுக்கலாம். அவர் கண்ணை மூடினால் நகை அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது, அடுத்த வண்ணக்கர் திறப்பை வாங்குவார். டிரஸ்டும் அப்படித்தான். சைலன்சர் டிரஸ்டின் பெயரில் பதிவாகும். பொறுப்பாளர் ஒவ்வொருவரும், மற்றவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும், அதை வைத்திருக்கலாம், கொண்டுபோகலாம். ஆகவே மருமகன் மகளைச் சேர்ப்பது அவளை மாட்டிவிட இல்லை. பெரும்பாலும் அவளைக் காப்பாற்றத்தான்.

விரல் அடையாளம் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் டிரஸ்ட் எழுதியவர்கள் விரல் அடையாளம், போட்டோ கொடுக்காமலே தப்பித்தார்கள். அந்த ஓட்டையை 2016 ஜூலை 13 முதல் அடைத்துவிட்டார்கள். இப்போது விண்ணப்பிக்கும் நேரத்தில் டிரஸ்டில் இருக்கும் பொறுப்பாளர் எல்லோரும் விரல் அடையாளம், போட்டோ, தன்னைப் பற்றிய கேள்விப் படிவம் கொடுக்கவேண்டும். அந்தப் பகுதிப் பொலிஸ் தலைவருக்கு ஒரு பிரதி போகும். அவர் அனுமதி தரத் தேவையில்லை, அவருக்கு அறிவித்தால் போதும். அனுமதி வந்த பிறகு புதிதாக ஒருவரைச் சேர்த்தால் அந்த நேரத்தில் எதுவும் அனுப்பத் தேவையில்லை, அடுத்த சாமானுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அவருடைய கடுதாசிகளும் போகும். டிரஸ்டின் பயனாளியாக மட்டும், ஒரு அதிகாரமும் இல்லாமல் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் சோலி இல்லை.

கையெழுத்துக்கு முன் மகள் தன்னைத்தானே கேட்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி, அவள் எந்த விசாவில் இருக்கிறாள் என்பது. கிறீன் கார்ட் என்றால் பிரச்சினை இல்லை. கணவனின் வேலை விசாவோடு ஒட்டிய விசா போன்ற தற்காலிக விசா என்றால், பொதுவாக அங்கே துவக்கோ சைலன்சரோ வைத்திருக்கவே கூடாது. வேட்டை லைசன்ஸ் எடுத்தவருக்கு விலக்கு ஒன்று உண்டு, ஆனால் குடிவரவுச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பிக் கையெழுத்து வைக்கவேண்டாம். கிறீன் கார்ட் வரப்போகிற நேரத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். மருமகனும் தற்காலிக விசாவில் இருந்தால் இதே விதி அவருக்கும்தான். அவருக்குக் கிறீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால், தன் பெயரில் மட்டும் வாங்கி, பெட்டக இலக்கத்தை மகளுக்குச் சொல்லாமல் இருக்கட்டும். கிறீன் கார்ட் கையில் வந்தபிறகு அவளைச் சேர்க்கும் வழியைப் பார்க்கலாம். டிரஸ்டில் வேறு சிநேகிதர்களும் இருக்கிறார்களா என்றும் கேட்கச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவருக்குப் பாரதூரமான குற்றத் தீர்ப்போ, பெண்சாதியை அடித்த வழக்கில் தீர்ப்போ இருந்தால் விண்ணப்பம் நிற்கும். கஞ்சா குடிக்கிறவரும் அப்படியே. சில மாநிலங்கள் கஞ்சாவை விட்டுக்கொடுத்தாலும் மத்திய சட்டம் விடவில்லை.

கம்பனி பெயரிலும் வாங்கலாம். ஒரு பன்றித் துவக்குக்காகக் கம்பனி பதிந்து அதற்குக் கணக்குக் காட்டிக்கொண்டிருப்பது எனக்கு வீண்வேலையாகப் படுகிறது.

டிரஸ்ட் பத்திரம் அந்த மாநிலச் சட்டப்படி செல்லுபடியாக இருக்கவேண்டும். இணையத்தில் மலிவாக மாதிரி கிடைக்கிறது. எழுதுவதற்குக் கொஞ்சம் செலவானாலும் வக்கீல் ஒருவர் ஒருமுறை வாசித்துவிட்டால் நல்லது. நம் ஊரில் நொத்தாரிசு எழுதிய உறுதியிலேயே எல்லை பிழைத்து மூன்று தலைமுறை வழக்காடுகிறோம்.

அனுமதி எவ்வளவு நாளில் வரும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மருமகன் கேட்பார். காகிதத்தில் அனுப்பிய காலத்தில் ஒரு வருடம்கூட இழுத்தது. 2021 டிசம்பரில் கடைகளில் வாங்குவோருக்கான 4ஆம் இலக்கப் படிவம் இணையத்துக்கு வந்தது. 2024இல் சிலருக்குச் சில நாட்களிலேயே வந்துவிட்டது. வந்த அனுமதியைப் போட்டோக் கொப்பி எடுத்துத் துவக்கோடு வைத்திருக்கட்டும். அதிகாரி கேட்டால் காட்டியாக வேண்டும்.

கேள்வி: சைலன்சர் பூட்டினால் படத்தில் வருகிற மாதிரி ‘உஷ்’ என்று மட்டும்தான் கேட்குமா?
— பதினோராம் வகுப்பு மாணவன், மட்டக்களப்பு

பதில்: இல்லை தம்பி. படக்காரர் பொய் சொல்கிறார்கள். ஒரு ரைபிள் வெடி 160 டெசிபல் அளவில் இருக்கும். சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். மிச்சம் நிற்பதே தார் றோட்டை உடைக்கும் இயந்திரத்தை விடப் பெரிய சத்தம். 140க்கு மேல் ஒரேயொரு வெடிகூடக் காதைக் கெடுக்கலாம் என்பதால், காதைக் காப்பாற்ற அது உதவும். மறைந்திருந்து சுடப் போதாது. குண்டு சத்தத்தை விட வேகமாகப் போனால் வானத்தில் அது எழுப்பும் ‘படார்’ தனி. அதை எந்தக் குழாயாலும் அடைக்கமுடியாது.

1909இல் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தவர் ஹைரம் பேர்சி மக்சிம். இயந்திரத் துப்பாக்கியைச் செய்த மக்சிமின் மகன். அப்பா சத்தத்தைக் கூட்டினார், மகன் குறைத்தார். உன் அண்ணனின் மோட்டார்சைக்கிள் சைலன்சரும் இதே யோசனைதான். சூடான வாயு ஒரேயடியாக வெளியே பாயாமல், உள்ளே அறை அறையாகச் சுற்றி ஆறி வருகிறது. அண்ணன் அதைக் கழற்றிவிட்டு ஊரைச் சுற்றுகிறார் என்றால் அது வேறு கடிதம்.

கேள்வி: என் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து தைப்பொங்கலுக்கு வருகிறார். பன்றி வருகிற வயலுக்கு ஒரு சைலன்சர் கொண்டுவரச் சொல்லலாமா? சத்தமில்லாமல் இருந்தால் ஒரே இரவில் நாலைந்து விழுமே.
— வெல்லாவெளி விவசாயி

பதில்: சொல்லவே வேண்டாம். அமெரிக்காவிலிருந்து அதை வெளியே கொண்டுபோக அங்கே வெளியுறவுத் திணைக்களத்தின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்தால் அங்கே ஒரு குற்றம், கட்டுநாயக்கவில் இன்னொரு குற்றம். உங்கள் மைத்துனர் பொங்கலை எங்கே கொண்டாடுவார் என்று நான் எழுதத் தேவையில்லை.

அதைவிட, வெல்லாவெளியில் இருந்துகொண்டு சத்தம் வேண்டாம் என்கிறீர்களே! பெரும்போகக் கதிர் முற்றும் நேரத்தில் யானையை வயலுக்குள் வரவிடாமல் வைத்திருப்பதே சத்தம்தான். யானை வெடிக்கு வனஜீவராசிகள் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிற ஊர் அது.

கேள்வி: அப்பா காலமாகி எட்டு மாதம். அவருடைய ஷொட்கன் இன்னும் வீட்டுப் பறணில் இருக்கிறது. லைசன்ஸ் போன வருடம் டிசம்பரோடு முடிந்தது. மூத்த பிள்ளை நான்தானே, என் பெயருக்குத் தானாக மாறாதா? தோட்டாவும் கொஞ்சம் இருக்கிறது.
— திருக்கோவில் வாசகர்

பதில்: மாறாது தம்பி. வீடு, வளவு, மாடு எல்லாம் முதுசமாக வரும். லைசன்ஸ் வராது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அது அப்பாவுக்குக் கொடுத்த அனுமதி, அதுவும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டியது. அவர் போனதோடு அது வெறும் கடுதாசி. இன்று உங்கள் பறணில் இருப்பது லைசன்ஸ் இல்லாத துவக்கு, வைத்திருப்பவர் நீங்கள். அப்பாவின் ஞாபகம் என்று நீதவானிடம் சொல்லிப் பார்க்கலாம். அவரும் ஒரு அப்பாவின் மகன்தான், ஆனாலும் விடமாட்டார்.

மேலே களுவாஞ்சிகுடி அம்மாவின் மருமகன் செத்தால்கூட, சொந்தப் பெயரில் இருந்தால், சொத்தை நிர்வகிப்பவர் 5ஆம் இலக்கப் படிவம் போட்டு வரியில்லாமல் வாரிசின் பெயருக்கு மாற்றவேண்டும். அனுமதி வரும்வரை வாரிசு எடுக்கக்கூடாது. அமெரிக்காவிலும் தானாக மாறாது.

செய்யவேண்டியது இது. துவக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறவேண்டாம். முதலில் வெறுங்கையோடு, கிராம உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். மரணச் சான்றிதழ், அப்பாவின் பழைய லைசன்ஸ், உங்கள் அடையாள அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். விஷயத்தைச் சொல்லி முறைப்பாட்டுப் புத்தகத்தில் பதிவு போடச் செய்யுங்கள். எப்படி ஒப்படைப்பது, யார் வந்து எடுப்பது என்று அவர்கள் சொல்வார்கள். எட்டு மாதம் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். தானாகப் போய்ச் சொல்கிறவனுக்கும் சோதனையில் பிடிபடுகிறவனுக்கும் எந்தப் பொலிஸ் நிலையத்திலும் வித்தியாசம் இருக்கிறது.

ஒப்படைத்தபிறகு, உங்களுக்கு வயல் இருந்து பன்றித் தொல்லையும் இருந்தால், உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள். வயல் உங்களுடையது என்று காட்ட உறுதியோ பேர்மிட்டோ, கமநல சேவை நிலையத்தில் பதிந்த கடுதாசியோ வேண்டியிருக்கும். என் மேசையில் அதிகம் திரும்பிப் போனவை காணி இன்னும் செத்தவர் பெயரில் இருந்த விண்ணப்பங்கள்தான். ஆகவே துவக்குக்கு முன் வயலைப் பெயர் மாற்றுங்கள்.

தோட்டாவை எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். தருகிற பற்றுச்சீட்டில் துவக்கின் இலக்கம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று, அப்பாவின் லைசன்ஸோடு ஒத்துப் பாருங்கள். ஒரு இலக்கம் பிழைத்தாலும் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். நான் மேசையில் இருந்த காலத்தில் 3ஐ 8 என்று எழுதிய ஒரு சீட்டுக்காக ஒருவர் நாலு முறை அம்பாறைக்கும் வீட்டுக்கும் அலைந்தார்.