ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்குத் தனி டியூஷன் வைத்தால் பலன் உண்டா?

வினைகளை மனப்பாடம் செய்தும் பரீட்சையில் குழம்புகிறது, தனி டியூஷன் வைத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். ஆனால் பேனா உங்கள் கையில் இருக்க வேண்டும். டியூஷன் ஆசிரியர் எழுத நீங்கள் காப்பி செய்தால் காசு தண்டம்.

புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேரும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். வினைவழியை, அதாவது எலக்ட்ரான்கள் நகர்வதை அம்புகளால் காட்டும் படிகளை நீங்கள் எழுத, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பலரும் முதல் அம்புக்குறியை ஹைட்ரஜனிலிருந்து போடுவார்கள். எலக்ட்ரான்கள் இருக்கும் இடத்திலிருந்து, அதாவது இரட்டைப் பிணைப்பிலிருந்துதான் அம்பு கிளம்ப வேண்டும். அப்புறம், புரோட்டான் (H⁺) எந்தக் கார்பனில் ஒட்டும்? ஓரக் கார்பனில் ஒட்டினால் நடுவில் ஈரிணைய கார்பன் நேரயனி (இரண்டு கார்பன்களோடு இணைந்த, நேர்மின் சுமையுள்ள கார்பன்) உருவாகும். ஓரிணையதைவிட அது நிலையானது. அதனால்தான் 2-புரோமோபுரோப்பேன் முதன்மை விளைபொருள். மார்கோனிகாஃப் விதி என்று பயமுறுத்துவது இவ்வளவுதான். (பெராக்சைடு சேர்த்தால் 1-புரோமோபுரோப்பேன் வரும்; அங்கே வழியே வேறு, ஜோடி சேராத எலக்ட்ரான் கொண்ட தனி உறுப்புகள் (free radicals) மூலம் நடக்கும்.)

கூட்டமான வகுப்பில் உங்கள் அம்பு தப்பாகக் கிளம்புவதை யார் பார்க்கப்போகிறார்கள்? தனி டியூஷனின் மதிப்பே அதில்தான். வாரம் ஒரு மணி நேரமே போதும் என்பேன். "டவுட் இருக்கு சார்" என்று பொதுவாகப் போய் நிற்காமல், பாதியில் மாட்டிக்கொண்ட இரண்டு மூன்று வினைகளை நோட்டில் எடுத்துப் போங்கள். கண்டுபிடித்தவர் பெயரால் அழைக்கப்படும் பெயர் வினைகளை மனப்பாடம் செய்வது வீட்டு வேலை. அதற்கு ஃபீஸ் கட்டாதீர்கள்.