குதிகாலோடு முதுகையும் பாருங்கள்

கேள்வி: பழைய வீடொன்றை இடிக்கும் வேலையில் பத்தடி உயரத்தில், மூங்கில் ஏணியில் நின்று சம்மட்டி அடித்த என் அப்பா, ஏணி சறுக்கிக் கீழே விழுந்துவிட்டார். காலூன்றி விழுந்ததால் குதிகால் மட்டும் வீங்கியிருக்கிறது. சுளுக்குத்தான், நாட்டுக்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மேஸ்திரி. அப்படியே செய்யலாமா?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: வேண்டாம். இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பத்தடியிலிருந்து விழும் உடல், ஒரு வினாடிக்குள் மணிக்கு ஏறத்தாழ 28 கி.மீ. வேகத்தில் தரையில் மோதுகிறது. காலூன்றி விழுந்தால் அந்த அடியை முதலில் வாங்குவது குதிகால் எலும்பு. மிச்சம் கால்வழியே முதுகெலும்புக்கு ஏறுகிறது. குதிகால் முறிந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். குதிகால் வலியே பெரிதாக இருப்பதால் முதுகு வலியை அவர்கள் சொல்லாமலே விட்டுவிடுவதுண்டு. ஆகவே இரண்டையும் பரிசோதிக்கும்படி நீங்களே கேளுங்கள்.

உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ரத்தம் கட்டிக் கருநீலமாக இருந்தால் பெரும்பாலும் முறிவுதான். இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே அவசியம். வீங்கிய காலில் இறுகக் கட்டுப் போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் காலே கெட்டுப்போகக்கூடும். முதுகு வலித்தாலோ, கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ, அவரை எழுப்பி உட்காரவைக்காமல், படுத்த நிலையிலேயே வைத்து 108-ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில், வேலைத்தளத்தில் ஏணியிலிருந்து விழுந்தார் என்றே சொல்லிப் பதிவு செய்யுங்கள். வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி யார் வற்புறுத்தினாலும் இணங்காதீர்கள். இழப்பீடு கேட்பதற்கும், அப்பா கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருந்தால் அங்கே உதவி கோருவதற்கும் அந்தப் பதிவு முக்கியமான ஆதாரம்.

மேஸ்திரியிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏணி ஏறி இறங்குவதற்கானது. அதில் நின்று சுவரை இடிக்கச் சொல்வது கொடுமை. சம்மட்டிக்கு இரு கைகளும் தேவைப்படுவதால் பிடித்துக்கொள்ளக் கை மிஞ்சாது. ஏணி சாய்ந்திருக்கும் சுவரே ஒவ்வொரு அடிக்கும் அதிரும். இடிப்பு வேலைக்குச் சுவரைச் சாராமல் தனியாக நிற்கும் சாரம் கட்டித் தர வேண்டும். அதில் ஏற வைக்கும் ஏணியும் பன்னிரண்டடி உயரத்துக்கு மூன்றடி தள்ளி ஊன்றியதாகவும், ஏறி இறங்கும் தளத்துக்கு மேல் மூன்றடி நீண்டதாகவும், தலைப்பில் கயிற்றால் கட்டியதாகவும் இருக்க வேண்டும்.