கோப்பி நிறச் சிறுநீரும் ஃப்ரீசரில் வைத்த இரத்தமும்

கேள்வி: ஐயா, எனது கலப்பினப் பசு கன்று போட்டு மூன்று கிழமை. முந்தநாள் தொடக்கம் சிறுநீர் கோப்பி நிறத்தில் போகிறது, தீனும் எடுக்கவில்லை. மருந்துக்கடையில் இருந்து ஒருவர் வந்து ஊசி போட்டுவிட்டு, பிறகு இரத்தமும் எடுத்துத் தந்தார். கெட்டுப்போகாமல் இரவு ஃப்ரீசரில் வைத்து, விடிந்ததும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். மாதிரி பயன்படாது என்று திருப்பிவிட்டார்கள். வேறு இடத்தில் கொடுக்கலாமா?
– படுவான்கரைப் பண்ணையாளர்

பதில்: எங்கே கொடுத்தாலும் இதே பதில்தான் வரும். இரத்தம் உறைபனியானால் செங்குழியங்கள் வெடித்துவிடும். உங்கள் பசுவுக்கு வந்திருப்பதும் பெரும்பாலும் செங்குழியங்கள் உடையும் நோயே. அவை மாட்டின் உடம்புக்குள் உடைந்தனவா, ஃப்ரீசருக்குள் உடைந்தனவா என்று இனி யாராலும் பிரித்தறிய முடியாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, ஊசிக்கு முன் ஏன் இரத்தம் எடுக்கவில்லை என்பதை. இந்த அறிகுறிக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியவை இரண்டு: உண்ணி கடித்து ஒட்டுண்ணி இரத்தத்தில் ஏறும் உண்ணிக் காய்ச்சல், அல்லது கன்று போட்டபின் வரும் பொசுபரசுக் குறைவு. மருந்து வேறு வேறு. ஊசி ஏறியபின் ஒட்டுண்ணி இரத்தத்தில் குறைந்து, நோய் இருந்தும் 'இல்லை' என்று வரலாம். ஃப்ரீசரில் உடைந்த குழியங்களில் இருந்து பொசுபரசு கசிந்து, குறைவாக உள்ளதையும் சரியான அளவாகக் காட்டலாம். காய்ச்சல்கூடப் பார்க்காமல் ஊசியைக் குத்திவிட்டு இரத்தம் எடுப்பவர் மருந்து விற்கத்தான் வருகிறார். அவரைப் பட்டிக்குள் விடாதீர்கள்.

உண்ணிக் காய்ச்சலுக்குக் குழாயில் எடுத்த இரத்தத்தை விட, ஸ்லைட் என்ற கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தத்தைத்தான் நான் நம்புவேன். அதற்கு ஐஸ் வேண்டாம், வெல்லாவெளியில் இருந்து பஸ்ஸிலும் அனுப்பலாம். காது நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிட்டுக் குத்துங்கள். சில வகை ஒட்டுண்ணி நுண்குழாய்களில்தான் அடைந்து கிடக்கும். ஸ்லைட்டின் ஓரத்தில் சின்னத் துளி ஒன்று போதும். இன்னொரு ஸ்லைட்டைச் சரித்துப் பிடித்து, ஒரே இழுப்பில் மெல்லிய படலமாக்கி, காற்றில் வீசி உடனே காயவையுங்கள். தடிப்பாக இருந்தால் குழியங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். ஈரம் பட்டாலும் குழியம் உடையும். ஈயும் எறும்பும் படலத்தைத் தின்றுவிடும். காய்ந்தபின் மெதனோலில் சில நிமிடம் தோய்த்து, பெயரைப் பென்சிலால் எழுதிக் கடதாசியில் சுற்றுங்கள்.

குழியங்களை எண்ண ஊதா மூடிக் குழாய். கோடு வரை நிரப்புங்கள், அரைவாசி விட்டால் குழாயில் உள்ள, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் மருந்து மிஞ்சிக் குழியம் சுருங்கும். எட்டுப் பத்துத் தரம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்கக் கூடாது. பொசுபரசுக்குச் சிவப்பு மூடிக் குழாய்: நிழலில் நிமிர்த்தி வைத்துக் கட்டியான பிறகே குளிரில் வைத்து, அன்றைக்கே கொடுங்கள். சிறிஞ்சால் எடுத்தால் ஊசியைக் கழற்றிக் குழாய்ச் சுவர் வழியே வழியவிடுங்கள். ஊசியோடு பீச்சினாலும் குழியம் உடையும். குழாய்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றியே ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள், ஐஸ் நேரே படக்கூடாது.

இப்போது பசுவின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் முடிவுக்குக் காத்திராமல் இன்றே கால்நடை வைத்தியரை அழையுங்கள். சிறுநீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து அசையாமல் வைத்து, சிவப்பு அடியில் படிகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதையும், போட்ட ஊசியின் பெயரையும் அவரிடம் சொல்லுங்கள்.